ஓடாத கருவியிலிருந்து வந்த எண்கள்

காவிரிப் படுகைக் கல்லூரிகளின் அறிவியல் ஆராய்ச்சி நெறியாளர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நண்பர்களே,

வணக்கம். இந்தப் படுகையின் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் என்னிடம் பிப்பெட் பிடிக்கக் கற்றவர்கள். அதுவும் வாயால் உறிஞ்சக் கற்றவர்கள். அதற்கே உங்களிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறு சிலரோடு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வடை சாப்பிட்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

புதிய ஆய்வு மாணவர்கள் சேரும் நேரம் இது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகையிலும் மயிலாடுதுறையிலும் எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள் கையில் கோப்போடு உங்கள் அறை வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஆராய்ச்சி நெறிகளைப் பற்றி ஒரு நாள் அறிமுக வகுப்பு நடக்கிறது, வந்து பத்து நிமிடம் பேசுங்கள் என்று அழைப்பு வந்தது. பொன்னாடையும் உண்டு என்றார்கள். நான் போகவில்லை. மேடையில் நின்று பத்து நிமிடத்தில் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலும் அது மாணவர்களிடம் சொல்ல வேண்டியதல்ல, உங்களிடம் சொல்ல வேண்டியது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அந்தக் கடற்கரைக்கு வராத ஆராய்ச்சியாளர் இல்லை. மண் எடுத்தவர், தண்ணீர் எடுத்தவர், படிவம் நிரப்பியவர் என்று ஜீப் ஜீப்பாக வந்து இறங்கினார்கள். நானும் என் மாணவர் ஒருவரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். வேதாரண்யம் பக்கம் 24 கிணறுகளைத் தேர்ந்துகொண்டோம். மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்து, கடல் ஏறிய கிணற்றில் உப்பு எந்த வேகத்தில் குறைகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

குளோரைடுக்குச் சில்வர் நைட்ரேட். மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண்ணை இமைக்காமல் நிற்க வேண்டும். கால்சியம், மக்னீசியத்துக்கு ஈ.டி.டி.ஏ. இவையெல்லாம் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டு அளக்கும் டைட்ரேஷன் வேலை. கையும் கண்ணும் இருந்தால் போதும். சோடியத்துக்கு மட்டும், தண்ணீரைத் தீச்சுடரில் தெளித்து அது தரும் ஒளியை அளக்கும் ஃப்ளேம் போட்டோமீட்டர் வேண்டும்.

எங்கள் துறையில் இருந்த ஒரே ஃப்ளேம் போட்டோமீட்டர் அந்த ஆகஸ்டில் நின்றுவிட்டது. கம்ப்ரஸர் கோளாறு. சரிசெய்யச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். ஆள் வர வேண்டுமென்றால் மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றாவது கொட்டேஷன் வந்தபோது முதலாவது காலாவதியாகிவிட்டது. நவம்பர் வரை அந்தக் கருவி பச்சைத் துணி போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது.

மாணவரின் அட்டவணையில் செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் சோடியம் எண்கள் இருந்தன. 24 கிணறுகளுக்கும். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

வேதியியல் படிக்காத வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் கூட்டிப் பார்த்தால் சமமாக இருந்தாக வேண்டும். ஆனால் மனிதக் கை அளக்கும்போது அப்படிச் சரியாக அமைவதில்லை. 5 சதவீதம் வரை முன்பின் இருந்தால் ஏற்றுக்கொள்வோம். எங்கள் ஆகஸ்டு மாதக் கணக்கில் ஒரு கிணற்றுக்கு 3, ஒன்றுக்கு 6, ஒன்றுக்கு 1 என்று வித்தியாசம் தாறுமாறாக இருந்தது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் எல்லாக் கிணற்றுக்கும் பூஜ்யம். வருண பகவானே வந்து டைட்ரேஷன் செய்தாலும் பூஜ்யம் வராது.

அவர் செய்தது இதுதான்: எதிர்மின் அயனிகளைக் கூட்டி, அதிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழித்து, மீதியைச் சோடியம் என்று எழுதிவிட்டார்.

கழித்துக் கண்டுபிடிப்பது பாவமில்லை, அதுதான் இதில் வேதனை. ஃப்ளேம் போட்டோமீட்டர் கைக்கு வராத காலத்தில் பலர் சோடியத்தை அப்படித்தான் கணக்கிட்டார்கள். ‘இது அளந்ததல்ல, கழித்துப் பெற்றது’ என்று அட்டவணையின் காலடியில் ஒரு வரி எழுதினால் நேர்மையான வேலை. மற்ற அயனிகளில் செய்த பிழையெல்லாம் சோடியத்தின் தலையில் விழுந்திருக்கும் என்று படிப்பவர் புரிந்துகொள்வார். அந்த ஒரு வரி இல்லை. அதற்குப் பதில், செய்முறை விளக்கத்தில் ‘ஃப்ளேம் போட்டோமீட்டர் கொண்டு அளக்கப்பட்டது’ என்று இருந்தது.

எனக்குத் தெரியாதா? தினமும் அந்தப் பச்சைத் துணியைத் தாண்டித்தான் என் அறைக்குப் போனேன். எண்கள் வந்துகொண்டிருந்தன, வரட்டும் என்று இருந்துவிட்டேன். கட்டுரை எழுத உட்கார்ந்த ஜனவரியில்தான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “கருவி ஓடவில்லை என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன், மேடம்.” நான் கோபக்காரி அல்ல என்று அதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரை எடுத்து வைத்திருந்தால் நவம்பரில் கருவி சரியானதும் அளந்திருக்கலாமே என்றேன். பாலித்தீன் புட்டியில் மூடி வைத்தால் சோடியம் எங்கும் ஓடிப்போகாது. “புட்டி பத்தவில்லை, மேடம். கழுவி அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொண்டேன்.” 24 புட்டிதான் வாங்கிக் கொடுத்திருந்தேன். இன்னும் 48 வாங்க அன்றைக்கு ஆகியிருக்கக்கூடிய செலவை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இதுவரை சொன்னது அவருடைய தவறு. இனி என்னுடையது. அந்த இரண்டு மாதங்களையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டோம். நல்லதுதான். ஆனால் ஏன் எடுத்தோம் என்று எழுதவில்லை. ஆய்வேட்டில் அந்த இடைவெளிக்கு என்ன காரணம் எழுதுவது என்று அவர் கேட்டபோது, “மழையால் மாதிரி எடுக்க முடியவில்லை என்று போடுங்கள்” என்று நானே சொன்னேன். அவர் சொன்ன பொய்யை மூட இன்னொரு பொய் கற்றுக்கொடுத்தேன். பழியை மழை மீது போட்டோம். மழை மறுப்பு அறிக்கை விடாது.

அந்த மாணவர் இன்று ஒரு கல்லூரியில் ஆசிரியர். அவரிடமும் மாணவர்கள் இருக்கிறார்கள். இதை எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “எழுதுங்கள் மேடம். புட்டி விஷயத்தையும் எழுதுங்கள்” என்றார். எழுதிவிட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு நான் அதிகம் யோசித்தது இதைத்தான்: திருடத் தெரியாத பிள்ளை, வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்தால் வழியில் சாப்பிடக் காசு இருக்காத பிள்ளை, இதை எங்கே கற்றார்? விடை கிடைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. நம்மிடம்தான் கற்றார். பி.எஸ்ஸி. முதலாம் ஆண்டில்.

நம் செய்முறைத் தேர்வை நினைத்துப் பாருங்கள். கரைசலின் செறிவு தேர்வாளருக்குத் தெரியும். மாணவரின் விடை அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். பிழை இத்தனை சதவீதம் என்றால் இவ்வளவு, அதைத் தாண்டினால் இவ்வளவு என்று படிக்கட்டு வைத்திருக்கிறோம். மாணவர் என்ன செய்வார்? முதல் டைட்ரேஷனை ஒழுங்காகச் செய்வார். 18.4 வரும். இரண்டாவது 18.7 வரும். மூன்றாவது செய்ய நேரமிருக்காது, 18.4 என்று எழுதி, இரண்டாவதையும் 18.4 ஆக்கிவிடுவார். இரண்டு அளவீடு ஒத்துப்போனால்தானே கையெழுத்துப் போடுவோம்? இன்னும் கெட்டிக்காரப் பிள்ளை ஆய்வக உதவியாளரின் முகத்தைப் பார்த்தே செறிவைக் கண்டுபிடித்து, கணக்கைத் தலைகீழாகப் போட்டு, பியூரெட் என்ன காட்டியிருக்க வேண்டுமோ அதை எழுதிவிடும். அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண். நடுங்கிய கையோடு மூன்று முறை செய்து, வந்ததை வந்தபடி எழுதிய பிள்ளைக்குப் பாதி.

ரெக்கார்டு நோட்டு இன்னொரு கதை. மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து இளைய மாணவர் எழுதுகிறார். எண்கள் உட்பட. ஒரே வரைபடம் நான்கு தலைமுறையாக இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். 1998 இல் ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகியிருந்தது, 2001 இல் அது கோட்டுக்கு வந்துவிட்டது. சிவப்பு மையில் கையெழுத்திட்டது நான்தான். அழகாக அட்டை போட்டிருந்தால் ஒரு ‘நன்று’ வேறு.

இப்படி ஐந்து ஆண்டுகள் பழகியவர்தான் உங்கள் வாசலில் நிற்கிறார். விடை முதலில், அளவீடு பிறகு என்பது அவர் கையில் ஊறியிருக்கிறது. ஆராய்ச்சி என்பது விடை யாருக்கும் தெரியாத இடம். அங்கே போனதும் பழகிய கை என்ன செய்யும்? நெறியாளருக்குப் பிடித்த விடையைத் தேடும்.

இதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு மருந்து தரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2019 இல் ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிகள் என்று ஒரு பாடத்தைக் கொண்டுவந்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்கள் எல்லோரும் படித்தாக வேண்டும். 2 கிரெடிட், 30 மணி நேரம். பாடத்திட்டத்தைப் பார்த்தேன், மோசமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி வெளியீட்டைச் சுற்றியே ஓடுகிறது. எந்த இதழ் போலி, மேற்கோள் எண்ணிக்கை என்றால் என்ன, திறந்த அணுக்கம் என்றால் என்ன என்பதெல்லாம் வேண்டியதுதான். பச்சைத் துணி போர்த்திய கருவியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்துவிடும், கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். டெல்லியில் திறந்த பாடமும் நம் ஆய்வக மேசைக்கு அப்படித்தான் வந்து சேருகிறது. பெரும்பாலான இடங்களில் அது நான்கு சனிக்கிழமைகளில் ஸ்லைடு போட்டு முடிகிறது.

அறிவுத் திருட்டு விதிகள் 2018 இல் வந்தன. மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து, நடுவில் இரண்டு படிகள். இதன் விளைவு என்ன? ஆய்வேடு முடிக்கும் பிள்ளையிடம் “எப்படி வந்திருக்கிறது?” என்று கேட்டால் “எட்டு சதவீதம், மேடம்” என்கிறது. நான் கேட்டது ஆராய்ச்சியைப் பற்றி. பத்துக்குக் கீழே கொண்டுவரச் சொற்களை மாற்றிக் கொடுக்கக் கடை வைத்திருக்கிறார்கள். இப்போது அதைச் செயற்கை நுண்ணறிவு இலவசமாகவே செய்து கொடுக்கிறது. அந்த மென்பொருள் சொல்லைத்தான் ஒப்பிடும். என் மாணவரின் 48 சோடியம் எண்கள் அதில் பூஜ்ய சதவீதம் காட்டியிருக்கும். முற்றிலும் சொந்தப் படைப்பல்லவா!

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2002 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யான் ஹெண்ட்ரிக் ஷோன் என்ற இளம் இயற்பியலாளர் பிடிபட்டார். வெவ்வேறு பரிசோதனைகள் என்று அவர் வெளியிட்ட வரைபடங்களில், அளவீட்டில் தானாக விழும் சின்னச்சின்ன நடுக்கங்கள்கூட அச்சாக ஒன்றாக இருந்ததை மற்றவர்கள் கவனித்துவிட்டார்கள். விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளைப் பார்த்து, 16 இல் முறைகேடு உறுதி என்றது. மூலத் தரவு எங்கே என்று கேட்டால், கணினியில் இடமில்லை, அழித்துவிட்டேன் என்றார். ஒழுங்கான ஆய்வகக் குறிப்பேடும் இல்லை. எங்களுக்குப் புட்டி பத்தவில்லை, அவருக்கு நினைவகம் பத்தவில்லை. அவருடைய இணை ஆசிரியர்கள் யாரும் மோசடி செய்யவில்லை என்று குழு விடுவித்தது. அவர்களில் அவருடைய மேலதிகாரியும் ஒருவர். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பச்சைத் துணி நினைவுக்கு வரும். என்னையும் எந்தக் குழுவும் விடுவித்திருக்கும்.

குறிப்பேடு என்றதும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் நினைவுக்கு வருகிறார். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். அந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கண்டுபிடிக்கக் கணிதக்காரர்களுக்குச் சென்ற நூற்றாண்டின் இறுதிவரை ஆயிற்று. ஆனால் கண்டுபிடிக்க முடிந்தது. கணிதத்தில் வழி அழிந்தாலும் ஊர் அங்கேயே இருக்கும், இன்னொருவர் நடந்து போய்ச் சேரலாம். கிணற்றுத் தண்ணீர் அப்படியில்லை. 2005 அக்டோபர் மாதத்துத் தண்ணீரை இனி எந்த மேதையும் எந்தக் கிணற்றிலிருந்தும் இறைக்க முடியாது. சிலேட்டு வழக்கம் நம் ஆய்வகத்துக்கு ஆகாது.

ஆகவே, சேர்ந்த முதல் நாளே கட்டிய நோட்டு ஒன்றை நீங்களே வாங்கி, பக்க எண் போட்டு, அவர்கள் கையில் கொடுங்கள். தாளைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தவறென்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அல்லது தெரிந்தும் நாம் செய்யாதது, வாரம் ஒருமுறை அந்த நோட்டை உட்கார்ந்து படிப்பது. கணினியில் அச்சடித்த அட்டவணையை அல்ல, நோட்டை. களத்துக்குப் போய்வந்த நோட்டு என்றால் அதில் சேறு இருக்கும், தேநீர் வட்டம் இருக்கும், ‘நாய் துரத்தியது, 17ஆம் கிணறு எடுக்கவில்லை’ என்று இருக்கும். அப்படி ஒரு வரியைப் பார்த்தால் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளை உங்களை நம்புகிறது என்று அர்த்தம். பக்கங்கள் சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

முதல் மாதத்தில் ஆராய்ச்சித் தலைப்பையே தொட வேண்டாம். இரண்டு பேரிடம் கல்லூரிக் குழாய்த் தண்ணீரைத் தனித்தனியாகக் கொடுத்துக் கடினத்தன்மையை அளக்கச் சொல்லுங்கள். இருவர் விடையும் மாறுபடும். ஏன் மாறுபடுகிறது என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும். ஒரே விடை வந்தால் இரவு விடுதியில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

பாடத்திட்டக் குழுவினரே, உங்களிடம் ஒன்றுதான். செய்முறைத் தேர்வில் விடைக்கு அருகில் வந்ததற்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்துங்கள். பியூரெட்டில் கண்டதை அங்கேயே மையால் எழுதி, பிழை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று நான்கு வரி எழுதுபவருக்குக் கொடுங்கள். இதற்கு நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம், மூன்று கொட்டேஷன் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். தரம் குறைந்துவிடும் என்று யாராவது எழுந்து சொல்வார். அவருடைய பழைய ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கட்டுரையில் பெயர் போடும் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை, எல்லோருக்கும் தெரியும். துறைத் தலைவர் பெயர், கருவி கொடுத்தவர் பெயர், ஓய்வுபெறும் முன் ஒரு கட்டுரை தேவைப்படுபவர் பெயர். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆசிரியர் என்று பெயர் போட நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் விடை காணும் பொறுப்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். நான்காவதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் நம் கட்டுரைகளில் பாதிப் பெயர் உதிர்ந்துவிடும். யார் பெயர், எந்த வரிசை என்பதை வேலை தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கட்டுரை தயாரான பிறகு பேசினால் மாணவரால் மறுத்துப் பேச முடியாது.

ஒரு செய்தியை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல மாணவர்களுக்கு இது தெரியவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு தன் 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. தனி விதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஏற்கத்தக்க இதழ்கள் என்று வைத்திருந்த ‘கேர்’ பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இனி நல்ல இதழ் எது என்று முடிவுசெய்வது உங்கள் தலையில். இந்த இரண்டும் தெரியாத பிள்ளைதான் வாட்ஸ்அப்பில் ‘இரண்டாம் பெயர் இவ்வளவு, மூன்றாம் பெயர் இவ்வளவு’ என்று விலை சொல்பவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறது.

பணம் என்று வந்துவிட்டதால் வாய்மொழித் தேர்வு விருந்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி முதல் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெற்றவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய். நம் படுகையில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கிறது? பெரும்பாலானவர்கள் நல்கை இல்லாதவர்கள். தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டு, சனி ஞாயிறில் ஆய்வகத்துக்கு வருபவர்கள். அந்தப் பிள்ளையின் தலையில் புறத்தேர்வாளருக்கு விடுதி அறை, கார், வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுச் சாப்பாடு, பொன்னாடை, நினைவுப் பரிசு. ஒரு பெண் தன் திருமணத்துக்குச் சேர்த்ததை வாய்மொழித் தேர்வுக்குச் செலவழித்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள்தான். பாயசம் நன்றாக இருந்தது. அடுத்த முறை நீங்களே ஒரு டிபன் கேரியரில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோய்த் தேர்வாளரோடு பகிர்ந்து சாப்பிடுங்கள். மரியாதை ஒன்றும் குறையாது. காஸ் சிலிண்டர் பதிவுசெய்வது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, வங்கியில் பாஸ் புக் போடுவது இவையும் ஆய்வு மாணவர் வேலையல்ல. மாலை ஆறுக்குப் பிறகு ஆய்வகத்தில் தனியாக யாரும் அமிலம் தொடக்கூடாது என்பதையும் பெண் மாணவிகளின் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் நெறியாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகக் கிணறுகள். நெல்லானாலும் மண்ணானாலும் தண்ணீரானாலும் நம் ஆராய்ச்சி விவசாயியின் வாசலில்தான் தொடங்குகிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வெளிவந்த ரகத்தை விவசாயி விதைத்துப் பார்த்து, மறுபோகத்தில் வந்து நன்றாக இருந்ததா இல்லையா என்று சொல்வார். அப்படி ஒரு போக்குவரத்து இந்தப் படுகையில் இருந்திருக்கிறது. நம் கல்லூரி ஆராய்ச்சியில் போக்கு மட்டும்தான். கேட்காமல் எடுக்கிறோம், எடுத்ததைச் சொல்வதில்லை. பாரம்பரிய நெல்லின் பெயரையும் பக்குவத்தையும் ஒரு கிழவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறோம். கட்டுரையின் நன்றியுரையில் கருவி விற்ற கம்பெனி இருக்கும், அவர் இருக்க மாட்டார்.

எங்கள் ஒன்பதாவது கிணறு ஒரு வீட்டுக் கொல்லையில் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் ஒவ்வொரு மாதமும் வாளியை விளக்கித் தயாராக வைத்திருப்பார். ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வாசலில் நிறுத்திக் கேட்டார்: “டீச்சர், போன வருடமெல்லாம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனீர்களே, அது என்ன சொல்லியது?” வயலில் ஏறிய சோடியத்தைக் குறைக்க ஜிப்சம் போட வேண்டுமா, எவ்வளவு போட வேண்டும் என்று முடிவுசெய்ய அவருக்கு அந்தச் சோடியம் எண் தேவைப்பட்டது. அது ஆங்கிலத்தில் ஒரு இதழில் இருந்தது. “விரைவில் அனுப்புகிறேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அனுப்பவில்லை. இந்த ஆண்டு மாசியில்தான் போனேன். பழைய நோட்டைப் பார்த்து ஒன்பதாவது கிணற்றின் எண்களைத் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். செப்டம்பர், அக்டோபர் வரிகளுக்கு எதிரே ‘அளந்ததல்ல, கழித்துப் பெற்றது’ என்று சிவப்பு மையில் எழுதினேன். அம்மாள் இறந்து ஆறு வருடமாகிவிட்டது. மகன் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். சிவப்பு வரியில் விரலை வைத்து, “இது என்ன டீச்சர்?” என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டோம். இப்போது போர்தான். அதன் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? குறுவைக்கு முன்னால் தெரிந்தால் நல்லது.”

இரண்டு பாலித்தீன் புட்டிகளில் எடுத்து வந்தேன். தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குளோரைடும் கடினத்தன்மையும் என் பழைய துறையிலேயே அளந்துவிட்டேன். சோடியம் பாக்கி. அங்கே கருவி மறுபடியும் ஓடவில்லை என்று ஒரு முதலாமாண்டு ஆய்வு மாணவி சொன்னாள். தயங்காமல், நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். உங்களில் யார் ஆய்வகத்தில் ஃப்ளேம் போட்டோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது? ஒரு வரி எழுதுங்கள். புட்டிகளை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருத்தி